தீப்புண்ணின் மேல் எதைப் பூசுகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளியை ஒட்டித் தங்கள் நாளிதழின் இணைப்பில் வெளிவந்த வீட்டுக் குறிப்புகளில், பட்டாசு சுட்டாலோ எண்ணெய் தெறித்தாலோ உடனே பற்பசையையோ இட்லி மாவையோ தடவினால் எரிச்சல் அடங்கும், கொப்புளமும் எழாது என்று ஒரு குறிப்பு இருந்தது. அரசு மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடக் கூடாது என்றே இக்கடிதத்தை எழுதுகிறேன். தீப்புண்ணின் மேல் எதைப் பூசுவது என்ற கேள்வி சமையலறையோடு முடிவதில்லை. மருந்துக் கடையிலும் மருத்துவமனையிலும் அதே கேள்வி தொடர்கிறது. அங்கும் அதற்குப் பழக்கத்தால் பதில் சொல்லப்படுகிறதே தவிர, புண்ணைப் பார்த்துப் பதில் சொல்லப்படுவது குறைவு.

முதலில் இட்லி மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைத் தடவியதும் எரிச்சல் சற்றுக் குறைவது உண்மைதான். குளிர்ச்சியும் ஈரமும் உள்ள எந்தப் பொருளும் அந்தச் சில நிமிடங்களுக்கு அதைச் செய்யும். ஆனால் சூடு பட்ட தோலுக்கு அடியில் வெப்பம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. தீக்காயத்தின் நடுவே முற்றிலும் இறந்த பகுதியும், அதைச் சுற்றி இரத்த ஓட்டம் குன்றி உயிருக்கும் அழிவுக்கும் இடையே நிற்கும் பகுதியும், அதற்கும் வெளியே வெறுமனே சிவந்த பகுதியும் இருப்பதை இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பணியாற்றிய டக்ளஸ் ஜாக்சன் என்ற அறுவை மருத்துவர் விளக்கிக் காட்டினார். நடுப்பகுதியைக் காப்பாற்ற யாராலும் முடியாது. அதைச் சுற்றியுள்ள பகுதி பிழைக்குமா, அதுவும் இறந்து காயம் ஆழமாகுமா என்பது அடுத்து நாம் செய்வதைப் பொறுத்தது. ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டினால் அந்த வெப்பம் வெளியேறும். காயம் பட்டு 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. குழாய் இல்லாத வீட்டில் சொம்பால் மொண்டு விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தால் போதும். பனிக்கட்டி கூடாது, அது இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயத்தை மோசமாக்கும். சிறு குழந்தையாக இருந்தாலோ காயம் பரவலாக இருந்தாலோ, உடலின் மற்ற பாகங்களைப் போர்த்திக் குளிர் தாக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீக்கம் ஏறுவதற்கு முன்பே மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் போகலாம். எண்ணெய், மஞ்சள் பசை, வெறும் பஞ்சு ஆகியவற்றைத் தீக்காயத்தின் மேல் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே தன் முதலுதவிக் குறிப்பில் வெளிப்படையாகச் சொல்கிறது. இந்த முதலுதவி முறையைத் தங்கள் நாளிதழ் பெரிய எழுத்தில் வெளியிட்டால், முன்பு வந்த குறிப்பை நம்பியவர்களையும் அது போய்ச் சேரும்.

மாவு பூசிய கை மருத்துவமனைக்கு வந்து சேரும்போது எந்த நிலையில் இருக்கும் என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வரும் வழியிலேயே மாவு காய்ந்து, விளிம்புகள் வெடித்து, கொப்புளத்தின் மெல்லிய தோலோடு ஒட்டிப் போயிருக்கும். உப்புநீரில் நனைத்த காஸ் துணியை அதன் மேல் பரப்பி, ஊறும்வரை காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தெடுக்க வேண்டியிருக்கும். எவ்வளவு மெதுவாகச் செய்தாலும் கொப்புளத் தோலும் அதோடு சேர்ந்து உரிந்து வரும். வெந்நீர் கொட்டியபோது அழுததைவிட இந்தத் துடைப்பின்போது குழந்தை அதிகமாக அழும். மேலும் அது புளித்த மாவு. நுண்ணுயிர்கள் பெருகிய பொருள். காப்புத் தோலை இழந்த இடத்தில் அதைத்தான் அப்பியிருக்கிறோம். பற்பசையில் பல்லைத் தேய்க்கும் துகள்களும் புதினாச் சத்தும் நுரைக்கும் பொருளும் இருக்கின்றன. இவற்றில் ஒன்றுகூட வெந்த தோலுக்கு ஏற்றதல்ல.

இன்னும் சில வீடுகளில் பேனா மையை ஊற்றுவார்கள். வலி குறைந்ததாகச் சொல்வார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் தீக்காயத்தைப் பார்க்கும் மருத்துவர் முதலில் அறிய விரும்புவது அதன் ஆழத்தைத்தான். விரலால் அழுத்தினால் சிவப்பு வெளுத்து மீண்டும் வருகிறதா, புண் ஈரமாகவும் இளஞ்சிவப்பாகவும் இருக்கிறதா, வெளிறியோ பழுப்பாகவோ பதனிட்ட தோல் போல் விறைத்திருக்கிறதா, ஊசி முனையால் தொட்டால் உணர்கிறாரா என்றெல்லாம் பார்த்துத்தான் அவர் முடிவெடுப்பார். மை ஊற்றிய இடத்தில் இவற்றில் பாதியைப் பார்க்கவே முடியாது. வலிக்காத தீக்காயத்தைச் சிறியது என்று எண்ணிக் காலம் கடத்துவது, ஆழத்தை அறியாமல் செய்யும் பிழைகளிலேயே பெரியது. நரம்பு முனைகளும் சேர்ந்து வெந்துவிட்டதால்தான் அங்கே வலி இல்லை.

ஆழத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எந்த மேற்பூச்சு மருந்தும் தோலை உண்டாக்குவதில்லை. மேலோட்டமான காயத்தில், மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் எஞ்சியிருக்கும் உயிரணுக்கள் பெருகி, மழைக்குப் பின் கரம்பு நிலத்தில் ஆங்காங்கே புல் தளிர்ப்பதைப் போலப் புதுத் தோல் திட்டுகளாக எழுந்து, விரிந்து ஒன்று சேரும். இது பெரும்பாலும் 2 வாரத்துக்குள் நடந்துவிடும். தழும்பும் அதிகம் இருக்காது. காயம் ஆழமாகி, மூட 3 வாரத்துக்கு மேல் ஆகுமானால் தழும்பு தடித்து, மூட்டுகளின் மேல் இருந்தால் இழுத்துப் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். தோல் முழு ஆழத்துக்கும் வெந்திருந்தால், முளைப்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது. ஓரங்களிலிருந்து தோல் ஊர்ந்து வர வேண்டும், அல்லது தோல் ஒட்டு அறுவை செய்ய வேண்டும். ஆகவே ஒரு மேற்பூச்சு மருந்தை மதிப்பிடும்போது நாம் கேட்க வேண்டியவை வேறு கேள்விகள். எஞ்சியிருக்கும் அந்த உயிரணுக்களை அது விட்டுவைக்கிறதா, கிருமிகளை அடக்குகிறதா, புண்ணைத் தேவையான அளவு ஈரத்தோடு வைத்திருக்கிறதா, கட்டுப் பிரிக்கும்போது புதுத் தோலைப் பிய்த்துக்கொண்டு வராமல் இருக்கிறதா என்பவையே அவை.

இந்தக் கேள்விகளைக் கேட்காததால் மருத்துவ உலகமே ஒரு காலத்தில் தவறான பாதையில் போயிருக்கிறது. 1925இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் எட்வர்ட் டேவிட்சன் என்ற மருத்துவர், தேயிலைக்குத் துவர்ப்பைத் தரும் வகையைச் சேர்ந்த டானிக் அமிலத்தைத் தீக்காயத்தின் மேல் தெளிக்கும் முறையைக் கொண்டுவந்தார். புண்ணின் மேல் கெட்டியான பழுப்புப் பொருக்கு உண்டாகும். நீர் கசிவது நிற்கும். பார்க்கவும் சுத்தமாக இருக்கும். உலகெங்கும் பரவிய அந்த முறை இரண்டாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகள்வரை நிலைத்தது. ஆனால் பொருக்குக்கு அடியில் சீழ் கட்டியது, விரல்களைச் சுற்றி இறுகிய பொருக்கு இரத்த ஓட்டத்தையே நிறுத்தியது, உடலுக்குள் சென்ற டானிக் அமிலம் கல்லீரலைக் கெடுத்தது. இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் விமானப் படையினருக்குச் சிகிச்சை அளித்த ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ அந்த முறையை எதிர்த்து, உப்புநீர்க் குளியலைக் கையாண்டார். 1942 நவம்பர் 28 அன்று பாஸ்டனில் கோகோநட் குரோவ் கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் மாண்டபோது, மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை மருத்துவர்கள் டானிக் அமிலத்தை விலக்கி, வாசலின் பூசிய மெல்லிய துணியால் மூடுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். புண் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டால் ஆறிவிட்டது என்று நம் வீடுகளில் நம்புகிறோம் அல்லவா? அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலையைத்தான் இந்த வரலாறு காட்டுகிறது.

அடுத்து வந்தது வெள்ளி. 1965இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கார்ல் மோயரும் அவரது குழுவினரும் 0.5 விழுக்காடு வெள்ளி நைட்ரேட் கரைசலில் கட்டுகளை நனைத்து வைத்துக் கிருமித் தொற்றைக் குறைத்துக் காட்டினார்கள். அது தொட்ட துணி, தரை எல்லாம் கறுத்துப் போகும். 1968இல் அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் ஃபாக்ஸ் வெள்ளியையும், கிருமிகளை ஒடுக்கும் சல்ஃபா மருந்தையும் இணைத்துச் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பை உருவாக்கினார். நம் ஊர் மருந்துக் கடைகளில் தீப்புண் என்று சொன்னதும் எடுத்துக் கொடுக்கும் வெள்ளைக் களிம்பு அதுதான். அதன் அருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பாதி உடல் வெந்து கிடக்கும் நோயாளியின் கட்டைப் பிரிக்கும்போது, பச்சை படிந்த காஸ் துணியும் அதிலிருந்து எழும் ஒருவிதத் தித்திப்பான நாற்றமும் சூடோமோனாஸ் கிருமி புகுந்துவிட்டதைச் சொல்லும். அந்த நாற்றத்தை ஒருமுறை அறிந்த செவிலியர் யாரும் அதை மறக்க மாட்டார்கள். பெரிய தீக்காயங்களில் அந்தக் கிருமியைத் தடுத்து உயிர்களைக் காத்ததில் வெள்ளிக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் அதே களிம்பைக் கொதிக்கும் காபி கொட்டிய குழந்தையின் கைக்கும், குக்கர் சுட்ட விரலுக்கும், மேலோட்டமான எல்லாக் காயத்துக்கும் நாள்தோறும் பூசுவது சரியா என்பதே என் கேள்வி. கிருமியைக் கொல்லும் வெள்ளி, புதுத் தோலை உருவாக்க வேண்டிய உயிரணுக்களையும் தாக்குகிறது. தினமும் ஒரு முறையோ இரு முறையோ பழைய களிம்பை முழுவதும் கழுவிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும் என்பதால், ஒவ்வொரு நாளும் முளைத்த தோல் ஒவ்வொரு நாளும் தேய்க்கப்படுகிறது. களிம்பும் கசியும் நீரும் கலந்து புண்ணின் மேல் மஞ்சள் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் உருவாகும். அதைச் சீழ் என்று எண்ணி வீட்டில் உள்ளவர்கள் பயப்படுவார்கள். அனுபவம் குறைந்தவர்கள் ஆழத்தைத் தவறாகக் கணிப்பார்கள். இதனால்தான், பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய தீக்காயத்தின் மேல் வெள்ளைக் களிம்பைப் பூசி அனுப்ப வேண்டாம் என்று தீக்காயச் சிறப்பு மருத்துவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கும், பிரசவம் நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும், 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் இதைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் கடையில் இதைக் கேட்டு வாங்கும் யாரிடமும் இந்தக் கேள்விகள் கேட்கப்படுவதை நான் பார்த்ததில்லை. மேலோட்டமான தீக்காயங்களுக்கான கட்டுகளைப் பற்றி 2013இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றின் தரம் குறைவு என்று ஒப்புக்கொண்டே, சிலிக்கோன் பூசிய கட்டுகள், வெள்ளி கலந்த கட்டுகள், உயிர்ப்பொருள் கலந்த செயற்கைக் கட்டுகள் ஆகியவற்றோடு ஒப்பிடும்போது இந்தக் களிம்பு போட்ட புண்கள் தொடர்ந்து மெதுவாகவே ஆறின என்று பதிவு செய்திருக்கிறது.

அப்படியானால் எதைப் போடுவது? பதில் பெரும்பாலும் எளிமையானது. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர், பன்றியின் தோலில் ஏற்படுத்திய மேலோட்டமான காயங்களில் சிலவற்றைக் காற்றில் காயவிட்டுச் சிலவற்றை பாலித்தீன் படலத்தால் மூடி வைத்தார். மூடி ஈரமாக வைத்த காயங்களில் தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் பரவியது. சுத்தமான, சிறிய, மேலோட்டமான தீக்காயத்துக்கு வாசலின் அல்லது பாரஃபின் தடவிய, கிருமி நீக்கிய வலைத்துணியும், அதன் மேல் கசிவை உறிஞ்சும் பஞ்சுக் கட்டும் பல நேரம் போதும். நாள்தோறும் பிரிக்க வேண்டியதில்லை. மேல்கட்டு நனைந்தாலோ நாற்றம், காய்ச்சல், சுற்றிலும் சிவப்பு பரவுதல் ஆகியவை தெரிந்தாலோ உடனே பார்க்க வேண்டும்.

ஒட்டாத கட்டு என்றதும் விலை உயர்ந்த வெளிநாட்டுப் பொருளைத்தான் நினைக்க வேண்டும் என்பதில்லை. தீக்காயம் பட்டவரை வாழையிலையில் கிடத்துவது நம் ஊர்களில் உள்ள வழக்கம். அதன் வழுவழுப்பும் குளிர்ச்சியும் ஒட்டாத தன்மையும் வெறும் நம்பிக்கை அல்ல. மும்பை மருத்துவர்கள் கிருமி நீக்கம் செய்த வாழையிலையைத் தீக்காயங்களுக்கும், வேறிடத்தில் ஒட்டுவதற்காகத் தோல் எடுத்த இடங்களுக்கும் கட்டாகப் பயன்படுத்தி 2003இல் தங்கள் ஆய்வுகளை வெளியிட்டார்கள். ஒட்டு எடுத்த இடங்களில் வாசலின் துணியைவிட வாழையிலையைப் பிரித்தெடுக்கும்போது வலி குறைவாக இருந்தது. அதற்கு முன்பே அதே நகரில் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் கொண்டும் கட்டுகள் செய்திருக்கிறார்கள். கட்டுப் பிரிக்கும் நேரம் நெருங்கும்போதே நடுங்கத் தொடங்கும் நோயாளியைப் பார்த்தவர்களுக்கு, வலியில்லாமல் பிரிந்து வரும் கட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும். ஆனால் அவர்கள் பயன்படுத்தியது கிருமி நீக்கிய இலை. கொல்லையிலிருந்து அறுத்து வந்த இலையை அப்படியே திறந்த புண்ணின் மேல் வைப்பதற்கு அந்த ஆய்வைச் சான்றாகக் காட்டக் கூடாது.

தேனைப் பற்றியும் இதே எச்சரிக்கையோடு பேச வேண்டும். சோலாப்பூரில் 104 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1991இல் வெளியான ஆய்வு, தேனில் நனைத்த காஸ் துணி வெள்ளைக் களிம்பைவிட விரைவாகப் புண்ணை ஆற்றியதாகச் சொன்னது. 2015இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, மேலோட்டமான தீக்காயங்கள் வழக்கமான கட்டுகளைவிடத் தேன் கட்டில் சுமார் 4 முதல் 5 நாள் முன்னதாக ஆறுவதாகக் கூறியது; வெள்ளைக் களிம்போடு ஒப்பிட்ட சான்றுகள் மட்டும் வலுவற்றவை என்றது. தேனின் அடர்ந்த சர்க்கரை கிருமிகளின் நீரை உறிஞ்சுகிறது. அதன் அமிலத் தன்மையும், அதில் மெல்ல உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமிகளை ஒடுக்குகின்றன. ஆனால் மருத்துவத் தேன் காமா கதிர்களால் கிருமி நீக்கப்பட்டது. கடையில் வாங்கும் தேனில் சர்க்கரைப் பாகு கலந்திருக்கலாம். மலைத் தேனாகவே இருந்தாலும் அதில் கிளாஸ்டிரிடியம் என்ற நச்சுக் கிருமியின் வித்துகள் இருக்கக் கூடும். சோற்றுக் கற்றாழைக்கும் சில சிறிய ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. குளிரவைத்த பிறகு தோல் உரியாமல் வெறுமனே சிவந்திருக்கும் இடத்தில் அதைத் தடவினால் நான் தடுக்க மாட்டேன். உரிந்த புண்ணின் மேல் கூடாது. நம் வீடுகளில் தீப்புண்ணுக்குத் தடவும் சுண்ணாம்புத் தெளிநீரும் தேங்காய் எண்ணெயும் கலந்த பூச்சுக்கு ஒப்பான ஒன்றை, ஆளிவிதை எண்ணெயைக் கொண்டு 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து இரும்பாலைத் தொழிலாளர்களும் பயன்படுத்தினார்கள். எண்ணெய் ஒட்டாமல் காத்தது என்பதைத் தாண்டி அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆன படலங்களைத் தீக்காயக் கட்டுகளாகப் பயன்படுத்தும் ஆய்வில் முன்னின்றது நமக்குப் பெருமை. சுத்தம் செய்த மேலோட்டமான புண்ணின் மேல் ஒருமுறை விரித்துவிட்டால், அடியில் தோல் வளர வளரப் படலம் தானே உரிந்து வரும். நடுவே கட்டு மாற்றும் வேதனை இல்லை. தொற்று உள்ள புண்ணுக்கும் ஆழமான புண்ணுக்கும் அது உதவாது. ஆழமான புண்ணுக்கு எந்தப் பூச்சும் உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்லோவேனியாவின் மாரிபோர் நகர அறுவை மருத்துவர் சோரா யான்செகோவிச், இறந்த தோலைச் சில நாட்களுக்குள் மெல்லிய அடுக்குகளாகச் சீவி எடுத்து உடனே தோல் ஒட்டும் முறையை 1970இல் வெளியிட்டார். ஆழமான தீக்காயச் சிகிச்சையை அந்தக் கத்தி மாற்றிய அளவுக்கு எந்தக் களிம்பும் மாற்றவில்லை. ஆழமான காயத்தில் களிம்பை மாற்றி மாற்றிப் பூசி வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் அந்த வாய்ப்பைத்தான் இழக்கிறார்கள். 10 முதல் 14 நாளில் ஆறும் அறிகுறி தெரியாத எந்தப் புண்ணையும் அறுவை மருத்துவர் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

இந்தியாவில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மிதமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவர்களில் பலர் முதலில் போய் நிற்பது பெரிய மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் அல்ல. தெருமுனை மருந்துக் கடையிலோ ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோதான். ஆகவே மக்கள் நல்வாழ்வுத் துறையையும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தையும் தங்கள் நாளிதழின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையங்கள் அனைத்திலும் பாரஃபின் வலைத்துணியும் கொலாஜன் படலமும் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். மேலோட்டமான காயத்துக்கு எதை எடுப்பது, எந்தக் காயத்தில் எதையும் பூசாமல் சுத்தமான துணியால் மூடி உடனே மேல் சிகிச்சைக்கு அனுப்புவது என்பதை அங்குள்ள செவிலியர்களுக்கு நோயாளியின் அருகிலேயே நிற்கவைத்துப் பழக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு என்னைப் போன்ற ஓய்வு பெற்ற செவிலியர்களை அழைத்தால், ஊதியம் எதிர்பாராமல் வருவதற்குப் பலர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.